தெரசா டீச்சரின் பூசைச் சீட்டு

மதுரை வெயிலில் உட்கார்ந்து என்னத்தை எழுதிக் கிழிக்கப் போகிறாய் என்று கேட்காத நண்பர்கள் குறைவு. எனக்கோ அந்த வெயில்தான் வேண்டியிருந்தது. வெயில் கொளுத்துகிற ஊரில் பகல் பதினோரு மணிக்கு மேல் ஒருவரும் வந்து கதவைத் தட்ட மாட்டார்கள். எழுதுகிறேன் என்று சொல்லிக்கொண்டு சும்மா இருப்பதற்கு அதைவிடத் தோதான இடம் கிடையாது. என் மனைவி பவதாரிணிக்கு வங்கியில் மதுரைக்கு மாற்றல் வந்தது. அவளுக்குச் சொந்த ஊர் கொட்டாம்பட்டி. விழுப்புரத்தில் பிறந்து சென்னையில் பிழைத்த எனக்குத்தான் இது புது ஊர். போன வருடம் மார்ச் கடைசியில் விளாங்குடியில், திண்டுக்கல் ரோட்டிலிருந்து நாலு தெரு உள்ளே தள்ளி, ஒரு பச்சை வீட்டின் மாடிக்குக் குடிவந்தோம்.

வீட்டுக்காரர் தெரசா டீச்சர். எழுபத்தோரு வயது. கிறிஸ்தவப் பள்ளிக்கூடம் ஒன்றில் முப்பத்துநாலு வருடம் மூன்றாம் வகுப்பு எடுத்து ஓய்வு பெற்றவர். கணவர் ஞானமுத்து தபால் ஆபீசில் வேலை பார்த்தவர். அவர் இறந்து ஆறு வருடம் ஆகிறது. மகள் ஐரின் பெங்களூரில் நர்ஸ். கீழ்வீட்டில் டீச்சர் மட்டும்தான். வீடு பார்க்கப் போன அன்று, வீட்டுக்காரர்கள் வழக்கமாகக் கேட்கிற எதையும் அவர் கேட்கவில்லை. என்ன ஆளுங்க, கறி மீன் சமைப்பீங்களா, விருந்தாளி நிறைய வருவாங்களா, ஒன்றுமில்லை. நான் வீட்டிலிருந்து எழுதுகிறவன் என்று பவதாரிணி சொன்னதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"மத்தியானம் தூங்குற பழக்கம் உண்டா தம்பி?"

"இல்லீங்க டீச்சர். எனக்கு யோசனை வரணும்னா நடக்கணும். ரெண்டு மணிக்கு ஆரம்பிச்சா மூணு மூணரை வரைக்கும் ரூமுக்குள்ளயே நடந்துக்கிட்டு இருப்பேன்."

பவதாரிணி என் காலை மிதித்தாள். தலைக்கு மேல் ஒன்றரை மணி நேரம் நடக்கிறவனுக்கு எவர் வீடு கொடுப்பார்? டீச்சர் கொடுத்தார். "அப்ப வந்துருங்க" என்று சாவியை அப்போதே என் கையில் வைத்துவிட்டார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. எழுத்தாளன் என்றால் மதுரையில் இன்னும் மரியாதை இருக்கிறது என்று வழியெல்லாம் பவதாரிணியிடம் அளந்துகொண்டு வந்தேன்.

ஏப்ரல் மாதம் எனக்கு ராஜபோகமாகக் கழிந்தது. பவதாரிணி ஒன்பதரைக்கு ஸ்கூட்டரில் கிளம்பினால் ஆறரைக்குத்தான் வருவாள். நான் ஒரு டம்ளர் மோரை வைத்துக்கொண்டு மேசைக்கு முன்னால் உட்காருவேன். பத்து வரி எழுதினால் எட்டு வரியை அடிப்பேன். பதினொன்றரைக்கு வெள்ளரிப்பிஞ்சு விற்கிற சைக்கிள் போகும். அப்புறம் தெருவில் நாய்கூட நடக்காது. கூடல்நகர் பக்கமிருந்து ரயில் சத்தம் வரும், போகும். ஒரு மணிக்குச் சோறு. இரண்டு மணிக்கு, மொட்டைமாடிச் சூடு கூரை வழியாக இறங்கி மண்டையில் ஏறுகிற நேரத்தில், ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு சன்னலுக்கும் கதவுக்குமாக நடக்க ஆரம்பிப்பேன். சாயந்தரம் ரோட்டு முக்கில் தள்ளுவண்டியில் சூடாகப் பருத்திப்பால் குடிப்பேன். கடன்காரன் இல்லை, கூட்டம் இல்லை, கேள்வி கேட்க ஆள் இல்லை. இப்படி ஒரு கோடை என் வாழ்க்கையில் வந்ததே கிடையாது.

டீச்சரைப் பற்றி அந்தத் தெருவே ஒரு தனிப் பாடம் நடத்தும். விளாங்குடியில் முப்பதிலிருந்து ஐம்பது வயதுக்குள் இருக்கிற பாதிப் பேர் அவரிடம் மூன்றாம் வகுப்பு படித்தவர்கள். தண்ணீர் லாரி ஓட்டுகிற தங்கப்பாண்டி, ஆறடி ஆள், காக்கிச் சட்டையில் மூன்று பொத்தானைத் திறந்துவிட்டுக்கொண்டுதான் வண்டியிலிருந்து இறங்குவார். டீச்சர் வாசலுக்கு வந்தால் மூன்றையும் மாட்டிவிடுவார். வாடிப்பட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில், அடுத்தவர் வயலில் கூலிக்கு நாற்று நட்ட குடும்பம் டீச்சருடையது. கன்னியாஸ்திரிகளின் போர்டிங்கில் சேர்த்துப் படிக்க வைத்தார்கள். பரம்பரையில் முதல் மாதச் சம்பளம் அவருடையதுதான். நானும் எங்க வீட்டுக்காரரும் லோன் போட்டுக் கட்டுன வீடு தம்பி என்று சுவரைத் தட்டிக் காட்டும்போது அந்தக் குரலில் ஒரு மிடுக்கு இருக்கும்.

ஆனால் வீட்டை அவர் வைத்திருந்த விதம் எனக்குப் புரியவில்லை. அக்கம்பக்கத்து வீடுகள் எல்லாம் புது வர்ணம் அடித்து மினுங்க, இது மட்டும் உரிந்துபோன அதே பச்சை. மாநகராட்சி புதுக் கதவு எண் கொடுத்த பிறகும் பழைய எண்ணை அதன் பக்கத்திலேயே பெரிதாக எழுதி வைத்திருந்தார். வெளிக்கேட்டுக்குப் பூட்டே கிடையாது. ஒரு நாள் கீழே விழுந்த பேனாவை எடுக்க மேசைக்கு அடியில் குனிந்தபோது அடிப்பலகையில் காம்பஸ் முனையால் கீறிய எழுத்தைப் பார்த்தேன். ஜெய்சன், டி.எம்.இ. என்று பெயரும் மெக்கானிக்கல் டிப்ளமோ பட்டமும் இருந்தது. அந்த மேசை வீட்டோடு வந்தது. சாயந்தரம் கீழே போய் ஜெய்சன் யார் என்று கேட்டேன்.

"என் மகன்" என்றார் டீச்சர். கையில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். உருவுவதை நிறுத்தவில்லை. "கோயம்புத்தூருக்கு இன்டர்வியூ போனான். ரெண்டாயிரத்துப் பதினாலு மே பதினேழு. அவங்கப்பாதான் ஆரப்பாளையத்துல பஸ் ஏத்திவிட்டாரு. ஒட்டன்சத்திரம் தாண்டுற வரைக்கும் போன் எடுத்தான். அதுக்குப் பெறகு எடுக்கல. இன்னும் வரல."

இன்னும் வரல. பதினோரு வருடத்தை அவர் இப்படித்தான் சொன்னார், காலையில் போன பையன் சாயந்தரம் திரும்பாததைச் சொல்வது மாதிரி. போலீஸில் எழுதிக் கொடுத்தார்கள். பேப்பரில் போட்டார்கள். எந்த ஊர் ஆஸ்பத்திரியில் அடையாளம் தெரியாத உடல் கிடந்தாலும் ஞானமுத்து பஸ் பிடித்துப் போய்ப் பார்த்துவிட்டு வருவார். அப்படிப் பதினாலு தடவை. திரும்பி வரும்போது தெருமுனையிலேயே தலையை இடமும் வலமுமாக ஆட்டிக்கொண்டே வருவாராம், சன்னலில் நிற்கிற டீச்சர் அத்தனை தூரம் காத்திருக்க வேண்டாம் என்று. இதைச் சொல்லும்போதுதான் டீச்சரின் கை ஒரு நிமிடம் நின்றது.

"போறதுக்கு முன்னாடி அன்னைக்கு மத்தியானம் பூராவும் மாடியில நடந்துக்கிட்டே இருந்தான் தம்பி. பயம் அவனுக்கு. கேள்வி பதிலை மனப்பாடம் பண்ணிக்கிட்டு அங்கிட்டும் இங்கிட்டும் நடந்தான். நான் கீழ படுத்திருந்தேன். ஒரு எடத்துல உக்காரமாட்டியாடா, தலைக்கு மேல என்னடா நடைன்னு சத்தம் போட்டேன். நின்னுட்டான்."

மத்தியானம் தூங்குகிற பழக்கம் உண்டா என்று ஏன் கேட்டார், சாவியை ஏன் அவ்வளவு சீக்கிரம் கொடுத்தார் என்பதெல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது. எழுத்தாளனுக்குக் கிடைத்த மரியாதை என்று நான் நினைத்துக்கொண்டது என் செருப்புச் சத்தத்துக்குக் கிடைத்தது. மாடிப்படி ஏறும்போது முதல் தடவையாக என் காலடியை நானே காது கொடுத்துக் கேட்டேன். அது எனக்குப் பிடிக்கவில்லை.

அதற்குப் பத்து நாள் கழித்துப் பவதாரிணியின் ஊரில் கோயில் விசேஷம். வெள்ளிக்கிழமை சாயந்தரம் கொட்டாம்பட்டிக்குப் போனவர்கள் திங்கள் காலையில் திரும்பினோம். டீச்சரிடம் சொல்லிக்கொண்டு போக நினைத்து, அவர் மாதா கோயிலுக்குப் போயிருந்ததால் அப்படியே கிளம்பிவிட்டோம். திங்கட்கிழமை நான் பால் வாங்க இறங்கியபோது டீச்சர் வாசல் தெளித்துக்கொண்டிருந்தார்.

"கதை நல்லா ஓடுதோ தம்பி? நேத்து ரொம்ப நேரம் நடந்தீங்களே. நாலு மணி வரைக்கும் கேட்டுச்சு."

பால் பாத்திரத்தோடு அப்படியே நின்றேன். நான் ஊரிலேயே இல்லை டீச்சர் என்று சொல்ல வாய் எடுத்தேன். அவர் முகம் தெளிவாக, சந்தோஷமாக இருந்தது. "ஆமா டீச்சர், நல்லா வருது" என்று சொல்லிவிட்டு ஓடிவந்துவிட்டேன். பவதாரிணியிடம் சொன்னபோது அவள் சிரித்தாள். "தினமும் கேட்டுக் கேட்டுப் பழகிப்போச்சு, அதான் கேக்காத அன்னைக்கும் கேக்குது. இம்புட்டுக்கும் பயப்படுறீங்க, நீங்கதான் ஊருக்கே கதை சொல்ற ஆளா?" என்றாள். பதில் சரிதான். ஆனால் அவள் ஒன்பதரைக்கு ஆபீஸுக்குப் போய்விடுவாள், அந்த அறையில் இருக்க வேண்டியவன் நான்.

அன்று மத்தியானம் நடக்கவில்லை. கட்டிலில் கால் மேல் கால் போட்டுப் படுத்திருந்தேன். இரண்டேகாலுக்குக் கீழே படிக்கட்டிலிருந்து குரல் வந்தது. "உடம்பு சரியில்லையா தம்பி?" அந்தக் குரலில் இருந்த பதற்றம் எனக்கானது இல்லை என்று தெரிந்தது. எழுந்து செருப்பை மாட்டினேன். சன்னலிலிருந்து கதவு, கதவிலிருந்து சன்னல். அதற்கப்புறம் என் நடையில் யோசனை ஒன்றும் வரவில்லை. நடக்க வேண்டியிருந்ததால் நடந்தேன். நாவல் நின்றுபோனது.

மே மாத முதல் வாரம் டீச்சருக்குக் கண்ணில் புரை எடுத்தார்கள். துணைக்கு ஐரின் லீவு போட்டுவிட்டு வந்தார். பத்து நாள் இருந்தார். நாற்பது வயதுக்குக் கிட்ட, அம்மாவைப் போலவே நேராக நிற்கிறவர். கிளம்புவதற்கு முந்தின நாள் துணி காயப்போட மொட்டைமாடிக்கு வந்தவர் என் அறை வாசலில் நின்றார்.

"அண்ணே, ஒரு உதவி. அம்மா நீங்க சொன்னா கேப்பாங்க. ஒவ்வொரு மே பதினேழும் கோயில்ல ஜெய்சனுக்குப் பூசை வெக்கிறாங்க. உசுரோட இருக்கிறவங்களுக்கு வெப்பாங்கள்ல, நல்லபடியா வீடு வந்து சேரணும்னு, அந்தக் கருத்துக்கு. பதினோரு வருசம்ணே. அவன் ஆன்மாவுக்காக ஒரு பூசை வெப்போம்னு நானும் சொல்லிச் சொல்லிப் பாத்துட்டேன். கிட்டவே விடமாட்டேங்குறாங்க."

"அவங்க நம்புறாங்க. நம்பிட்டுப் போகட்டுமே" என்றேன்.

"நம்பட்டும். ஆனா அவன் செத்துப்போயிருந்தா?" ஐரினுக்குக் கண் நிறைந்துவிட்டது. "எங்க வழக்கத்துல செத்தவங்களுக்காக நாமதான் வேண்டணும்ணே. நாம வேண்டுனாத்தான் அவங்களுக்கு வழி தெறக்கும். பதினோரு வருசமா அவனுக்காக ஒருத்தரும் அதைச் செய்யல. அவன் எங்கயோ நின்னுக்கிட்டு இருக்கான்னு எனக்குக் கனவு வருது. இந்த வீட்டுக்கு வந்தா எனக்கும் அந்த நடை கேக்குது. அது நீங்கதான்னு தெரியும். இருந்தாலும் கேக்குது."

மறுநாள் டீச்சரிடம் சுற்றி வளைத்துப் பேச்சை எடுத்தேன். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நாற்காலியில் சாய்ந்திருந்தவர், நான் முடிக்கும் முன்னே கையைக் காட்டி நிறுத்தினார். "ஐரின் சொல்லச் சொன்னாளா? அவ சொல்றதும் நெசந்தான். அவன் இல்லேன்னா நான் அவனைப் பதினோரு வருசமா நடுத்தெருவுல நிறுத்தியிருக்கேன். இருக்கான்னா, ஆன்ம பூசை வெச்சு நானே அவனைக் குழியில தள்ளுன மாதிரி. எந்தத் தப்பைச் செய்யன்னு நீங்க சொல்லுங்க தம்பி, செய்யிறேன்" என்றார்.

மே பன்னிரண்டாம் தேதி டீச்சர் என்னைக் கூப்பிட்டார். ஐரின் ஊருக்குப் போய்விட்டார். கண்ணுக்கு மருந்து விட்டுக்கொண்டிருந்ததால் டீச்சரால் எழுத முடியாது, வெயிலில் நடக்கவும் கூடாது. "பூசைக் கருத்து, அதான் யாருக்காக வேண்டணும்னு, எழுதிப் போடணும் தம்பி. பதினேழாம் தேதி காலைப் பூசை. அவங்கப்பா செத்ததும் அதே வாரத்துலதான், ஒரே நாள்ல ரெண்டு பேருக்கும் வெச்சிருவேன். ரெண்டு சீட்டுல தனித்தனியா தேதியும் பேரும் மட்டும் எழுதுங்க. கோயில் வாசல்ல ரெண்டு பெட்டி இருக்கும். ஒண்ணு உசுரோட இருக்கிறவங்களுக்கு, ஒண்ணு செத்தவங்களுக்கு. அவரு பேரை இதுல, ஜெய்சன் பேரை அதுல போட்டுருங்க" என்றார். உள்ளே அடுப்பில் ஏதோ பொங்குகிற சத்தம் கேட்டு எழுந்து போனார்.

தேதி, பெயர். இதில் எழுத்தாளனுக்கு என்ன வேலை இருக்கிறது? மாடிக்கு வந்து நோட்டுப் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்தேன். ஒரே தாளைத்தான் கிழித்தேன். மே 17, காலைப் பூசை என்று மேலே எழுதி, கீழே ஞானமுத்து, அதற்குக் கீழே ஜெய்சன் என்று எழுதி நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். இரண்டு சீட்டு என்று அவர் சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது. எழுதும்போது அது பெரிதாகப் படவில்லை, அவ்வளவுதான். அன்று வெயில் நூற்று ஐந்து டிகிரி என்று அதன் மேல் பழியைப் போடப் பார்த்தேன், பின்னால்.

சாயந்தரம் கோயிலுக்குப் போனேன். வாசல் தூணுக்குப் பக்கத்தில் இரண்டு மரப்பெட்டிகள் இருந்தன. ஒன்றில் வேண்டுதல், நன்றி என்றும் மற்றதில் இறந்தோர் என்றும் எழுதியிருந்தது. என் கையில் ஒரே சீட்டு. அதை நடுவில் கிழித்தால் இரண்டு சீட்டு ஆகிவிடும், இரண்டு விநாடி வேலை. கேட்டுக்கு வெளியே பார்த்தேன். பருத்திப்பால் வண்டிக்காரர் அடுப்பை அணைத்துக் கிளம்பத் தயாராகிக்கொண்டிருந்தார். அப்பா பெயர்தானே முதலில் இருக்கிறது, கோயில்காரர்களுக்கு இவர்கள் குடும்பத்தைத் தெரியாதா என்று நினைத்துக்கொண்டு சீட்டை இறந்தோர் பெட்டியில் போட்டுவிட்டு ஓடினேன். பருத்திப்பால் கிடைத்தது. நன்றாகவே இருந்தது.

பதினேழாம் தேதி சனிக்கிழமை. பவதாரிணிக்கு அன்று ஆபீஸ் இருந்தது, ஏழு மணிக்கே குளித்துக்கொண்டிருந்தாள். கீழே பிளாஸ்டிக் நாற்காலிகளை இழுத்துப் போடுகிற சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். கேட்டுக்கு வெளியே இருபது செருப்புக்கு மேல் கிடந்தது. முக்காடு போட்ட பெண்கள் வரிசையாக உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். தங்கப்பாண்டி தண்ணீர் லாரியைத் தெருவிலேயே நிறுத்திவிட்டுக் கேட்டில் சாய்ந்து நின்றார். சட்டைப் பொத்தான் எல்லாம் மாட்டியிருந்தது. அந்த ஆறடி ஆள் தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தார்.

நான் இறங்கி ஓடினேன். "என்னாச்சுண்ணே? டீச்சருக்கு என்ன?"

"டீச்சருக்கு ஒண்ணும் இல்லண்ணே. ஜெய்சனுக்குக் காலையில கோயில்ல ஆன்ம பூசை வெச்சுட்டாங்களாம். இறந்தவங்க பேரோட வாசிச்சாங்களாம். எங்க மதினிதான் வந்து சொல்லுச்சு." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அவனும் நானும் ஒரே பெஞ்சுண்ணே. பதினோரு வருசமா எனக்கு அழுகக்கூட வழி இல்லாம இருந்துச்சு. டீச்சரே வருவான் வருவான்னு சொல்லிக்கிட்டு இருக்கையில நான் எப்படி அழுக முடியும்? இப்பத்தான் மனசு வந்துருக்கு அவங்களுக்கு."

சட்டைப்பையைத் தடவினேன், என்னவோ அந்தச் சீட்டு இன்னும் அங்கே இருக்கப்போவது மாதிரி. சாமியாருக்குத் துணையாகப் பூசையில் பெயர் வாசிக்கிற, குடும்பத்தைத் தெரிந்த பழைய உபதேசியார் முந்தின வருடமே மாற்றலாகிப் போய்விட்டார், புதியவருக்கு ஒன்றும் தெரியாது என்று அந்தக் கூட்டத்தில்தான் கேள்விப்பட்டேன். இறந்தோர் பெட்டியில் இருந்ததை அவர் இறந்தோர் பட்டியலில் வாசித்தார். வேறென்ன செய்வார்?

டீச்சர் கூடத்தின் நடுவில் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார். ஒவ்வொருவராக வந்து கையைப் பிடித்தார்கள். ஜெய்சனைப் பற்றிப் பேசினார்கள். பதினோரு வருடமாக அந்த வீட்டில் ஒருவரும் அவனைப் பற்றிப் பேசத் துணியவில்லை போல. திருவிழாவில் சப்பரத்துக்கு அடியில் ஒளிந்துகொண்டது, கீபோர்டு வாசிக்கிறேன் என்று பாட்டுக் குழுவையே குழப்பியடித்தது என்று சொல்லிச் சொல்லி அழுதார்கள், சிரிக்கவும் செய்தார்கள். டீச்சர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். தப்பு நடந்துவிட்டது, நான் அப்படி எழுதிக் கொடுக்கவில்லை என்று ஒரு வார்த்தை அவர் சொல்லவில்லை. ஐரின் போன் செய்தபோது காதில் வைத்துக்கொண்டு, "ஆமா பாப்பா, ஆமா, அழாத" என்று மட்டும் சொன்னார்.

நான் சுவரோரமாக ஒண்டிக்கொண்டு நின்றேன். என்னைவிடக் கேவலமான ஆள் அன்று மதுரையில் இருந்திருக்க முடியாது. இரண்டு சீட்டை ஏன் ஒன்றாக எழுதினேன் என்று எனக்கு அப்போது தெரிந்துவிட்டது. என் மனதுக்குள் ஜெய்சன் செத்து வெகுநாளாகியிருந்தான். டீச்சர் கதையைச் சொன்ன அன்றைக்கே நான் அதற்கு முடிவு எழுதியாகிவிட்டது. அடுத்தவர் பிள்ளை என்றால் முடிவு எழுதுவது எவ்வளவு சுலபமாக இருக்கிறது!

கூட்டம் கலைய மதியம் ஆகிவிட்டது. தங்கப்பாண்டி வீட்டிலிருந்து சாப்பாடு வந்தது, டீச்சர் தொடவில்லை. அவர் தனியாக இருந்தபோது முன்னால் போய் நின்றேன்.

"டீச்சர், நீங்க ரெண்டு சீட்டுன்னு சொன்னீங்க. நான் ஒண்ணுல எழுதி அந்தப் பெட்டியில போட்டுட்டேன். பெட்டியைப் பாத்துட்டேதான் போட்டேன். என் தப்பு. வந்தவங்ககிட்ட எல்லாம் நான் போய்ச் சொல்லிர்றேன்."

"தெரியும்" என்றார். "பூசை முடிஞ்சதும் உபதேசியார்கிட்டப் போயிக் கேட்டேன். சீட்டை எடுத்து வாசிச்சுக் காட்டுனாரு. பாவம், பதறிப்போயிட்டாரு. நாளைக்கு ஞாயித்துக்கெழமைப் பூசையில மாத்தி வாசிச்சுரவா டீச்சர்னு கேட்டாரு. வேணாம்னு வந்துட்டேன்."

"ஏன் டீச்சர்?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். கண் இரண்டும் சிவந்திருந்தன, மருந்தாலா அழுகையாலா தெரியவில்லை. "பேரை வாசிச்சாரு. ஞானமுத்து, ஜெய்சன். சாமியார் செபம் சொன்னாரு. எல்லாரும் ஆமென்னு சொன்னாங்க. நானும் சொல்லிட்டேன் தம்பி. சின்ன வயசுலருந்து சொல்லிப் பழகுன வாயி, தானாச் சொல்லிருச்சு. சொல்லி முடிச்ச பெறகுதான் யாரு பேருக்குச் சொன்னேன்னு ஒறைச்சுச்சு."

மன்னிச்சிருங்க டீச்சர் என்று முணுமுணுத்தது அவருக்குக் கேட்டிருக்காது.

"அதுகூடப் போகட்டும். சொன்ன ஒடனே நெஞ்சுல இருந்த கல்லை யாரோ எறக்கி வெச்ச மாதிரி இருந்துச்சு. நிம்மதியா இருந்துச்சு. பெத்த மகன் பேரைச் செத்தவங்க வரிசையில வாசிக்கிறாங்க, எனக்கு நிம்மதியா இருக்கு. நான் என்ன தாய் தம்பி?" சத்தமாகவே அழுதார். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அழுவது மாதிரி, புறங்கையால் கண்ணைத் துடைத்துத் துடைத்து அழுதார். புரை எடுத்த கண்ணைத் தேய்க்காதீங்க டீச்சர் என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

வெகுநேரம் கழித்து டீச்சர் எழுந்து முகம் கழுவிவிட்டு வந்தார். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "போயி உங்க நோட்டை எடுத்துட்டு வாங்க. அடுத்த வாரப் பூசைக்கு எழுதணும்" என்றார். எடுத்து வந்தேன். "ரெண்டு தாள் கிழிங்க. ரெண்டு." கிழித்தேன். "மே இருபத்து நாலு, காலைப் பூசை. ஜெய்சன்." எழுதினேன். "இன்னொரு தாள்லயும் எழுதுங்க. மே இருபத்து நாலு, காலைப் பூசை."

எழுதிவிட்டு நிமிர்ந்தேன். "இதுல யாரு பேரு டீச்சர்? ஞானமுத்து சார் பேரா?"

"ஜெய்சன் பேருதான்."

"ரெண்டுலயுமா? உசுரோட இருக்கிறவங்க பெட்டியிலயும், அந்தப் பெட்டியிலயுமா? ஒரே நாள்ல ரெண்டு பக்கமும் வாசிச்சா கோயில்ல எல்லாரும் என்ன நினைப்பாங்க டீச்சர்?"

"என்னமும் நினைக்கட்டும். கெழவிக்குப் புத்தி பெரண்டு போச்சுன்னு நினைக்கட்டும்." கையை நீட்டினார். "அவன் எங்க இருக்கான்னு எனக்குத் தெரியாது தம்பி. ரெண்டுல ஒண்ணு அவன்கிட்டப் போய்ச் சேரும்ல?"

நான் இரண்டாவது தாளிலும் ஜெய்சன் என்று எழுதினேன். சாயந்தரம் கோயில் பக்கம்தான் போறேன், கொண்டு போய்ப் போட்டுவிடுகிறேன் என்றேன். டீச்சர் இரண்டு சீட்டையும் என் கையிலிருந்து வாங்கித் தனித்தனியாக மடித்தார். ஒன்றை இடது கையிலும் மற்றதை வலது கையிலும் வைத்துக்கொண்டார்.

"வேணாம். நானே போட்டுக்கிறேன்" என்றார்.